கீழ்த்தட்டு வைனும் கெபாப் பொட்டலமும்

கெபாபோடு குடிக்க ஏற்ற வைன், குளிரவைத்த மலிவான கமே. கொழுப்பு வடியும் இறைச்சிச் சீவல், பச்சை வெங்காயம், தக்காளி, உள்ளி போட்ட வெள்ளைச் சோஸ், எல்லாவற்றுக்கும் மேலே குவித்த உருளைக்கிழங்குப் பொரியல். இவ்வளவும் சேர்ந்து வாய்க்குள் போன பிறகு நாக்கைக் கழுவி, அடுத்த கடிக்கு ஆயத்தப்படுத்துகிற வேலையை அந்த வைன் செய்கிறது. என் உழைப்புக் காலம் முழுவதும் பாரிஸ் சமையலறைகளில்தான் கழிந்தது. விலை கூடிய போத்தல்களின் அடியில் மிஞ்சியதை ருசி பார்க்கும் வாய்ப்பும் நிறையவே கிடைத்தது. ஆனாலும் நள்ளிரவில் வேலை முடித்து வந்து, நிலத்தில் பழைய பேப்பரை விரித்து, எண்ணெய் ஊறிய பொட்டலத்தைப் பிரித்து வைத்து, பத்துப் பிராங்கும் பெறாத வைனோடு சாப்பிட்ட சாப்பாட்டின் நிறைவை எந்தப் பெரிய மேசையும் எனக்குத் தரவில்லை. அந்தச் சாப்பாட்டைப் பற்றி, அதைச் செய்தவர்களைப் பற்றி, மரியாதையோடு எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த எங்களில் அநேகருக்கு முதல் வேலை கோப்பை கழுவுவது. 1983க்குப் பிறகு வந்தவர்கள் வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு சமையலறைக்குள் ஒரு தமிழன் நுழைந்தால் போதும். கொஞ்ச நாளில் அவனுடைய மச்சான் வருவான், மச்சானின் கூட்டாளி வருவான், பிறகு உருளைக்கிழங்கு சீவுவது தொடக்கம் குப்பை கொட்டுவது வரை எல்லாம் யாழ்ப்பாணத் தமிழில் நடக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த இடம் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம். எனக்கு முதலே அங்கே புங்குடுதீவு அண்ணை ஒருவர் இருந்தார். கழுவும் தொட்டியின் சுடுதண்ணீரைக் கையால் தொட்டே எத்தனை பாகை என்று சொல்லக்கூடியவர். அவர்தான் என்னைத் தலைமைச் சமையல்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

சமையல்காரரை எல்லோரும் ஷெப் என்போம். தெற்கே பெசியே நகருக்குப் பக்கத்துக் கிராமம் அவருடைய ஊர். கண்ணுக்கு எட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள்தான் அங்கே. லாங்டொக் என்ற அந்தப் பிரதேசம் பிரான்சின் மலிவான வைனுக்குப் பேர் போனது. பகல் பதினொரு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும், வாடிக்கையாளர் வருமுன், வேலைக்காரர் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவோம். முதலாளி தரும் வைன் ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலில் வரும். அதன் தோளைச் சுற்றி நட்சத்திரங்கள் பொறித்திருக்கும். மூடி பிளாஸ்ரிக். வெறும் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும். லேபிளில் மதுச்சத்து பதினொரு பாகை என்று மட்டும் இருக்கும்; எந்தத் திராட்சை, எந்த ஆண்டு என்று எதுவும் இராது. மேசை வைன் என்ற வகைக்கு அவற்றை எழுத அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2009இல் விதிகள் மாறி, அது 'பிரான்ஸ் வைன்' ஆன பிறகுதான் அந்த ஏழைப் போத்தலுக்கும் பெயரும் வயதும் எழுதும் உரிமை வந்தது.

ஷெப் அந்தப் போத்தலை எடுக்கும் விதம் ஒரு நாடகம். வெள்ளைத் துணியை முன்கையில் போட்டுக்கொள்வார். மேல்மாடிச் சாப்பாட்டறையில் வைன் பரிமாறுகிறவரின் குரலைப் பிடித்துக்கொண்டு, "ஐயாமாரே, இன்றைய சிவப்பு. விளைந்த தோட்டம்: தாங்கி லொறி. முதிர்ந்த இடம்: நெடுஞ்சாலை" என்று அறிவிப்பார். மாலி நாட்டுக்காரப் பொடியன் ஒருவன் எங்களோடு வேலை செய்தான். அவன் மதுவைத் தொடமாட்டான். அவனுக்கு மட்டும் அதே மரியாதையோடு குழாய்த் தண்ணீரை ஊற்றி, "சேன் நதி, இந்த ஆண்டு" என்பார். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் முகம் மாறிவிடும். இறைச்சியை ஒரு கடி கடிக்கச் சொல்லுவார், ஒரு மிடறு குடிக்கச் சொல்லுவார், திரும்பவும் கடிக்கச் சொல்லுவார். "இப்போது வாயில் என்ன நடக்கிறது?" என்று கேட்பார். பதில் வரும்வரை விடமாட்டார். பிரெஞ்சு மொழியை நான் வினைச்சொல் வாய்பாட்டில் படிக்கவில்லை. புளிப்பு, கசப்பு, உப்பு, துவர்ப்பு, வழுவழுப்பு என்று அந்த மேசையில்தான் படித்தேன்.

எங்கள் அறைக்கு அவர் முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை இரவு. கடைசி ரயில் போய்விட்டது, விடியும்வரை எங்கேயாவது இருக்க வேண்டும், பசியும் கூட. போபூர் சென்தெனி தெருவில் ஒரு கெபாப் கடை திறந்திருந்தது. பாரிஸில் அதைக் கிரெக் என்பார்கள். 'சலாட், தொமாத், ஒனியோன்' என்று கடைக்காரர் கேட்பார். மூன்றுக்கும் ஆம் என்று தலையாட்டினால் பொட்டலம் ரெடி. கடைக்காரர் தொழுகை தவறாதவர், கடையில் மது கிடையாது. ஆகவே கட்டி எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தோம். இரண்டு அறையில் எட்டுப் பேர் இருந்தோம். கதிரை இல்லை. கிளாஸ் இருந்தது: கடுகு வாங்கிய கண்ணாடிக் குவளைகளும், ஏதோவொரு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையிலிருந்து கைமாறி வந்த துராலெக்ஸ் கிளாஸ்களும். துராலெக்ஸ் கிளாஸின் அடியில் ஓர் எண் பொறித்திருக்கும். பிரெஞ்சுப் பிள்ளைகள் அதைத் தங்கள் வயது என்று சொல்லி விளையாடுவார்கள். ஷெப் ஒவ்வொருவர் கிளாஸையும் தூக்கி அடியைப் பார்த்துவிட்டு, வயது கூடியவர் கோப்பை கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டார். நாள் முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு வந்த எட்டுப் பேரும் தங்கள் கிளாஸை மற்றவன் கிளாஸோடு மாற்றப் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அன்று ஷெப் இரண்டு போத்தல் கொண்டு வந்திருந்தார். ஒன்று வாடிக்கையாளர் ஒருவர் அவருக்குப் பரிசாகக் கொடுத்த போர்தோ. எங்கள் ஒரு கிழமைச் சம்பளத்தில் பாதி பெறும். மற்றது சந்தைக் கடையின் கீழ்த்தட்டில் எடுத்த, கமே திராட்சையில் செய்த பொஜொலே. பொஜொலேயை யன்னலுக்கு வெளியே குளிரில் வைத்துவிட்டு, முதலில் போர்தோவை ஊற்றினார். கெபாபுக்குள் உறைப்புச் சோஸ் தாராளமாக இருந்தது. ஒரு கடி, ஒரு மிடறு. வாய் வறண்டது, கசந்தது, அடித்தொண்டை எரிந்தது. அப்படிப்பட்ட உயர்ந்த வைனை வாயில் வைத்துக்கொண்டு எட்டுத் தமிழரும் தண்ணீர்க் குழாயைப் பார்த்தோம். ஷெப்புக்கு ஒரே சந்தோஷம். யன்னலைத் திறந்து பொஜொலேயை எடுத்தார்.

அதன் காரணத்தை அவர் பிறகு விளக்கினார். இத்தனை வருடச் சமையலில் அது சரியென்று நானும் கண்டேன். நெடுநாள் வைத்துக் குடிப்பதற்கென்று செய்த சிவப்பு வைனில் திராட்சைத் தோலும் விதையும் தருகிற துவர்ப்புச் சத்து மிகுதி. அது உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்து இழுப்பதால்தான் வாய் வறள்கிறது. மிளகாயின் எரிவை மூளைக்குச் சொல்கிற அதே நரம்பு வாயிலை மதுச்சத்தும் தூண்டுகிறது. பாகை கூடக்கூட எரிவும் கூடும். பொஜொலேயைச் செய்யும் முறையோ வேறு. குலையை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் போட்டு, கரியமிலவாயு நிறைந்த மூட்டத்தில் பழத்துக்குள்ளேயே நொதிக்க விடுகிறார்கள். துவர்ப்பு அதிகம் இறங்காது, பழச்சுவை நிற்கும், புளிப்புத் தெளிவாக இருக்கும். புளிப்பு கொழுப்பை அறுக்கிறது. சாப்பாட்டின் உப்பு வைனிலுள்ள மிச்சக் கசப்பையும் மழுக்கிவிடுகிறது. தெருக்கடைச் சாப்பாடு எல்லாமே உப்பும் கொழுப்பும்தான். அதற்குத் தேவைப்படும் புளிப்பும் மெல்லிய உடம்பும் மலிவான இளம் வைனிலேயே இருக்கின்றன. அதிக விலை கொடுத்து வாங்கினால் தேவையில்லாத துவர்ப்பும் மரப்பீப்பாய் வாசமும் சேர்ந்து வரும்.

அந்தக் கமே திராட்சைக்கு ஒரு பழைய வழக்கும் உண்டு. 1395இல் பர்கண்டியின் கோமகன் துணிச்சல்கார பிலிப் ஓர் ஆணை போட்டார்: கமே கெட்ட செடி, நம்பிக்கைத் துரோகம் செய்யும் செடி, தன் நாட்டில் ஒன்றுகூட மிஞ்சாமல் வெட்டி எறியுங்கள் என்று. அது செய்த குற்றம் அதிகமாகக் காய்த்தது. குடியானவன் விரும்பி நட்டான், ஏனென்றால் அவன் வீட்டுக்கும் குடிக்க மிஞ்சியது. பினோ நுவாரின் புகழைக் காப்பாற்ற நினைத்த கோமகனுக்கு அது பொறுக்கவில்லை. துரத்தப்பட்ட கமே தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் வேர்விட்டு நன்றாகவே வாழ்ந்தது. இன்று நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை புதிய பொஜொலே வெளிவரும்போது பாரிஸ் மதுக்கடை வாசலெல்லாம் அதற்குத்தான் தட்டி எழுதி வைக்கிறார்கள். ஷெப் இந்தக் கதையைச் சொன்ன இரவு, ஊரை விட்டுத் துரத்தப்பட்டு வந்த நாங்கள் அந்தச் செடியின் பக்கம் முழுமனதோடு சாய்ந்தோம்.

அதன்பிறகு சனி இரவு வழக்கமாயிற்று. யாராவது ஒருவர் சாப்பாடு வாங்குவார், இன்னொருவர் வைன். இரண்டும் சேர்கிறதா என்று வாக்கெடுப்பு. நடுவர் ஷெப். மாலிப் பொடியனும் வருவான்; குடிக்காதவன் வாக்குத்தான் பக்கச்சார்பில்லாதது என்று அவனுக்கு இரண்டு வாக்குக் கொடுத்தோம். எங்கள் முகத்தைப் பார்த்தே அவன் தீர்ப்புச் சொல்வான்; பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மக்டொனால்டின் மீன் பன்னுக்கும் மியூஸ்கதே வெள்ளை வைனுக்கும் நடந்த வாக்கெடுப்பு ஒருமனதாக முடிந்தது. அந்த மீன் பன்னின் பிறப்பே ஒரு வெள்ளிக்கிழமைக் கதை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் கடை வைத்திருந்த லூ குரோன் என்பவருக்கு வெள்ளிக்கிழமைகளில் வியாபாரம் படுத்துவிடும். சுற்றிலும் கத்தோலிக்கர், வெள்ளியில் இறைச்சி தொடமாட்டார்கள். 1962இல் அவர் மீன் பன்னைக் கொண்டுவந்தார். நிறுவனத்தை நடத்திய ரே குரோக், அன்னாசித் துண்டு வைத்த தன்னுடைய பன்தான் சிறந்தது என்று போட்டிக்கு வந்தார். மீன் பெருவாரியாக வென்றது. மியூஸ்கதேயோ நாந்த் நகரைச் சுற்றி, அத்திலாந்திக் கடல் காற்று படும் நிலத்தில் விளைவது. 1709இன் கொடுங்குளிரில் அங்கே திராட்சைச் செடிகள் உறைந்து செத்த பிறகு, குளிர் தாங்கும் மெலோன் என்ற வகையைப் பரவலாக நட்டார்கள். சிப்பிக்குக் குடிக்கிற வைன் அது. தேசிக்காய் பிழிந்தாற்போன்ற புளிப்பும் இலேசான உப்புக்கரிப்பும் உண்டு. பொரித்த மீன், தார்த்தார் சோஸ், மெத்தென்ற பன், அரை உருகல் சீஸ் எல்லாவற்றையும் ஒரு மிடறு நிமிர்த்தி விடுகிறது. சிப்பிக்குக் காசில்லாதவன் மீன் பன் வாங்கி மியூஸ்கதே குடித்தால், கடற்கரைப் பணக்காரன் அனுபவிக்கிற அதே சேர்க்கையைத்தான் அனுபவிக்கிறான்.

ஊர்ச் சாப்பாட்டுக்கு வைன் தேடியதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி. லாச்சப்பலில், ரூ காய் தெருவில், எங்கள் ஆட்கள் கடை திறக்கத் தொடங்கியிருந்த காலம். கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டன் ரோல்ஸ் அடுக்கியிருக்கும். உள்ளே தட்டையான இரும்புகள் இரண்டும் தட்டில் அடிக்கும் தாளத்தில் கொத்துரொட்டி நடக்கும். ரோல்ஸுக்கு ஷெப் சொன்னது லிமூ நகரத்துப் பிளாங்கெத். சென்திலேர் மடத்துத் துறவிகள் 1531இலேயே நுரைக்கும் வைன் செய்ததாக அங்கே சொல்கிறார்கள். ஷம்பெயின் புகழ் பெறுவதற்கு வெகு காலம் முந்தியது. விலையோ ஷம்பெயினின் சிறு பங்கு. ரொட்டித்தூள் பூசிப் பொரித்த ரோல்ஸின் மொறுமொறுப்பில் நுரை போய் உடைகிறபோது எண்ணெய்த் தடம் வாயில் தங்குவதேயில்லை. எந்தப் பொரியலுக்கும் நுரைவைன் சேரும் என்பதை அன்று பிடித்துக்கொண்டேன். வடைக்கும் சேரும்.

கொத்துரொட்டிதான் எங்களை அலைக்கழித்தது. கறிக்குழம்பு, பச்சைமிளகாய், முட்டை, கறிவேப்பிலை, ஆட்டிறைச்சி எல்லாம் கொத்துப்பட்டு வருகிற சாப்பாட்டின் முன் சிவப்பு வைன்கள் வரிசையாகத் தோற்றன. நுரைவைன் உறைப்பைக் கிளறிவிட்டது. ரோஸே பாதி வெற்றி. கடைசியில் பொருந்தியது அல்சாஸ் பகுதியின் எடெல்ஸ்விக்கர். பல வெள்ளைத் திராட்சைகளைக் கலந்து செய்கிற, ஒல்லியாய் உயர்ந்த லீற்றர்ப் போத்தலில் வருகிற, அப்பகுதியின் மிக மலிந்த வைன். பூ வாசமும், நாங்கள் வாங்கிய போத்தலில் நாக்கு நுனியில் நிற்கும் ஒரு துளி இனிப்பும் இருந்தன. இனிப்பு உறைப்பை அமர்த்தியது, பூ வாசம் கறிவேப்பிலையோடு கை கோத்தது. புங்குடுதீவு அண்ணை அன்றுவரை வைனைக் 'கிறிஸ்தவக் கஷாயம்' என்று சொல்லி ஒதுக்கியவர். பொரித்த சூடை மீனையும் கொத்தையும் வைத்துக்கொண்டு அதில் இரண்டு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தம்பி, இது விடியப் புறம் இறக்கின பனங்கள்ளு மாதிரியெல்லே கிடக்கு. உள்ளுக்கை ஒரு இனிப்பு, பின்னாலை ஒரு புளிப்பு. பிளாவிலை ஊத்தித் தந்தியள் எண்டால் தவறணை எண்டே நினைச்சிருப்பன்."

ஷெப்புக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். பனையோலையை மடித்துப் பிளா கோலுவதை அண்ணை கடதாசியில் செய்து காட்டினார். கள்ளைப் பற்றி ஷெப் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. எத்தனை பாகை, எத்தனை மணித்தியாலத்தில் புளிக்கும், யார் இறக்குவது, எதோடு குடிப்பது. நண்டு, பொரித்த மீன், கணவாய் என்று அண்ணை அடுக்கினார். "அப்படியானால் உங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே" என்றார் ஷெப். உண்மைதான். ஒரு மலிவான குடியும் அதற்கென்று அமைந்த கைச்சாப்பாடும் எங்கள் ஊர்த் தவறணை வாசலில் எப்போதோ சேர்ந்துவிட்டன. வெட்கப்படாமல் அதை நினைத்துப்பார்க்கப் பாரிஸ் வரை வரவேண்டியிருந்தது.

ஒரு நாள் ஷெப் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். 1900ஐ ஒட்டிய வருடங்களில் லாங்டொக்கில் வைன் விலை அடிமட்டத்துக்குப் போயிற்று. தோட்டத்தில் பாடுபட்டவன் பாண் வாங்க வழியில்லாமல் நின்றான். சீனியையும் தண்ணீரையும் கலந்து செய்த போலி வைன் சந்தையை நிரப்பியிருந்தது. 1907 வசந்தத்தில் ஆர்ஜெலியே கிராமத்துக் கோப்பிக்கடைக்காரர் மார்ஸலின் அல்பேர் தொடக்கிய ஊர்வலம் ஞாயிறு தோறும் பெருத்தது. ஜூன் 9இல் மொன்பெலியே நகரில் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். அரசு படையை அனுப்பியது. நார்பொன் நகரில் சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைந்த 17ஆம் காலாட்படைப் பிரிவின் வீரர்கள், தங்கள் தகப்பன்மாரைச் சுடமாட்டோம் என்று கிளர்ந்து பெசியேக்கு நடந்தே வந்தார்கள். ஷெப்பின் தாத்தா அன்று அவர்களுக்கு வாளியில் வைன் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் ஒருவர். அந்த மாத முடிவிலேயே போலி வைனுக்கு எதிரான சட்டம் வந்தது.

அவருடைய ஊருக்குப் பக்கத்தில் மரோசான் என்றொரு கிராமம். அங்கே சிறு தோட்டக்காரர்கள் 1901இல் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். இடைத்தரகர் வேண்டாம் என்று தங்கள் வைனைப் பாரிஸின் தொழிலாளர் கூட்டுறவுக் கடைகளுக்கு நேரே அனுப்பினார்கள். 1905இல் சோஷலிசத் தலைவர் ஜான் ஜோரெஸ் போய்ப் பாராட்டிவிட்டு வந்தார். தெற்கில் கொத்துகிறவன் வடக்கில் உழைக்கிறவனுக்கு அனுப்பிய போத்தல் அது. முதல் உலகப்போரில் அகழிக்குள் கிடந்த சிப்பாய்க்கு 1914இல் நாளுக்குக் கால் லீற்றர் என்று தொடங்கி, 1918இல் முக்கால் லீற்றர் வரை அரசு கொடுத்ததும் பெரும்பாலும் தெற்கத்தி மலிவு வைன்தான். எங்கள் சமையலறை மேசையில் நின்ற நட்சத்திரப் போத்தலுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. நாங்கள் குடித்த வைனுக்குக் குலமும் கோத்திரமும் இல்லை என்று மேல்மாடியில் சொன்னார்கள். அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மேல்மாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே வைன் பரிமாறியவர் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தைக் கேள்விப்பட்டு, கெபாபுக்கு வைன் பொருத்துவது நாய்க்குக் கிரீடம் வைப்பது என்றார். ஷெப் அவரோடு வாதாடவில்லை. பல வருடம் கழித்து, 2001இல், போர்தோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. வைன் படிக்கும் மாணவர் 54 பேருக்கு வெள்ளை வைனில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் விவரித்தார்கள். கண் முந்திக்கொண்டால் மூக்கு பின்தங்கிவிடுகிறது. விலைச்சீட்டும் அப்படித்தான் முந்திக்கொள்கிறது என்பது என் அனுபவம். எங்கள் அறையில் போத்தல்களைப் பழைய காலுறைக்குள் மறைத்துத்தான் ஊற்றினோம். தோய்த்த காலுறை என்று அண்ணை உறுதிமொழி கொடுத்த பிறகு.

குடி அழித்த வீடுகள் எங்கள் சனத்தில் உண்டு. லாச்சப்பல் நடைபாதையில் பியர் டின்னோடு முடிந்துபோன வாழ்க்கைகளை நானும் பார்த்திருக்கிறேன், சிலரைத் தூக்கி நிறுத்தியுமிருக்கிறேன். அவர்கள் தனியாக, வெறும் வயிற்றில் குடித்தார்கள். ஷெப்பின் அறைச்சட்டம் ஒன்றே ஒன்று: தட்டில் சாப்பாடு முடிந்தால் போத்தலுக்கு மூடி போட வேண்டும். எட்டுப் பேருக்கு இரண்டு போத்தல், அதற்கு மேலே இல்லை. இந்த அளவை விட்டுவிட்டு நான் சொல்கிற மற்றவற்றை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடிக்காத மாலிப் பொடியனே எங்கள் கூட்டத்தின் சிறந்த நடுவன் என்பதையும் மறக்க வேண்டாம்.

காலம் மாறிவிட்டது. அறுபதுகளில் பிரான்சில் ஆளுக்கு ஆண்டுக்கு 100 லீற்றருக்கு மேல் வைன் குடித்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. முதலில் விழுந்தது அந்த நாளாந்த மேசை வைன். எங்கள் வீட்டில் கெபாபின் இடத்தை கிரனோபிள், லியோன் பக்கத்திலிருந்து வந்த பிரெஞ்சுத் தாக்கோ பிடித்துக்கொண்டது. என் மகள் அதைத்தான் வாங்குகிறாள். இறைச்சி, பொரியல், சீஸ் சோஸ் எல்லாவற்றையும் ஒரு ரொட்டிக்குள் திணித்து அழுத்திச் சுட்டது. கனத்த சாப்பாடு. அதற்கு நான் வைக்கிறது பிக்பூல் தெ பினே. லாங்டொக் கடற்கரையில் விளைகிற, பல்லைக் கூசவைக்கும் புளிப்புள்ள வெள்ளை. சீஸ் சோஸை வெட்டிக்கொண்டு போகும்.

ஷெப் இப்போது இல்லை. அவர் ஓய்வு பெற்று ஊர் போன பிறகு ஒரு கோடையில் பார்க்கப் போயிருந்தேன். மரோசானின் கூட்டுறவுக் கட்டடத்தைக் காட்டினார். தன் மருமகனுடைய தோட்டத்தில் நிழலில் இருத்தி, மெர்கேஸ் தொத்திறைச்சியும் பொரியலும் பாணுக்குள் வைத்துத் தந்து, அந்தத் தோட்டத்துக் கரிஞ்ஞான் வைனைக் கிணற்றுத் தண்ணீரில் குளிரவைத்து ஊற்றினார். அந்தத் தோட்டத்தில் பாதி இன்று இல்லை. வைன் விற்காமல் தேங்கியதால், திராட்சையை நிரந்தரமாகப் பிடுங்குகிறவர்களுக்கு ஹெக்டெயருக்கு 4,000 யூரோ கொடுக்கும் திட்டத்தை 2024இல் அரசு கொண்டுவந்தது. மருமகன் கையெழுத்து வைத்தார். 1907இல் தாத்தா காப்பாற்றப் போராடிய செடிகளின் வாரிசுகள் அவை.

ஆகவே, பிரான்சில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைன் குடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்குமானால், அங்காடியின் கீழ்த்தட்டுக்குக் குனியுங்கள். ஐந்து யூரோவுக்குக் கீழே, கூட்டுறவு ஒன்றின் பெயரும் லாங்டொக், பொஜொலே, மியூஸ்கதே போன்ற ஊர்ப்பெயர் ஒன்றும் லேபிளில் இருக்கும் போத்தலாகப் பார்த்து எடுங்கள். சிவப்பானாலும் அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். தெருக்கடையில் உங்களுக்குப் பிடித்ததை வாங்கி வந்து, இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, சாப்பாட்டோடு குடியுங்கள். அந்தக் காசில் ஒரு பங்கு, செடியைப் பிடுங்குவதா வைத்திருப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு தோட்டக்காரனுக்குப் போகிறது.